மூன்று பேரும் ஒரே நேரத்தில் நகர்ந்தால்

அன்பு மகள் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அத்தையும் நலம். அப்பாவின் இடுப்பு நலத்துக்கு வெகு அருகில் வந்து நிற்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் தொட்டுவிடும் என்று மருந்துக்கடைக்காரர் நம்பிக்கை கொடுத்திருக்கிறார். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, இருமல் சளி எதுவும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கிறேன் என்றுதான் பதில் எழுதுவாய், அதுவும் தெரியும். இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். நம் போனில் ஒரு சின்னத் தாமதம் இருக்கிறது, கவனித்திருப்பாய். நான் பேசத் தொடங்கும்போதே நீயும் தொடங்குகிறாய், நீ பேசட்டும் என்று நான் நிறுத்த, நான் பேசட்டும் என்று நீ நிறுத்த, இரண்டு பேரும் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், பிறகு மறுபடி சேர்ந்தே தொடங்குகிறோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் சொல்லி முடிக்கும்வரை உன்னால் வாயைத் திறக்க முடியாது, பெற்றவளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்.

பரீட்சை என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறாய். முடிவை இங்கேயே சொல்லிவிட்டால் மீதியைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய், கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற பெண்தானே நீ. அதனால் வரிசையாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள். எண்ணியல் முறைகள் என்கிற இந்தத் தாளில்தான் போன தடவை நான் கோட்டை விட்டேன். இந்தத் தடவையும் விட்டால் மாலைக் கல்லூரியின் விதிப்படி மூன்றாவது வாய்ப்பு கிடையாது, பட்டம், படிப்பு, என் அடையாள அட்டையில் இருக்கிற அந்தத் திருட்டு முழி போட்டோ எல்லாம் அத்தோடு சரி. பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களிடம் பெயர் கேட்டுக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டியதுதான். அந்த வேலையில் குறையொன்றும் இல்லை, ஆனால் உள்ளே ஒருத்தி முழித்துக்கொண்டு விட்டாள், அவளை மறுபடி தூங்கப் போடுவது கஷ்டம். இது என்ன பாடம் என்று அத்தை கேட்டபோது நான் சொன்ன விளக்கத்தையே உனக்கும் சொல்கிறேன். ஒரு கணக்குக்கு நேரடியாக விடை கண்டுபிடிக்க முடியாது, அல்லது கண்டுபிடிப்பதற்குள் ஆயுசு போய்விடும் என்கிறபோது, முதலில் குத்துமதிப்பாக ஒரு விடையை வைத்துக்கொண்டு, அதைத் திருத்தி, திருத்தியதை மறுபடி திருத்தி, உண்மையான விடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்குக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. உன்னை வளர்த்ததும் இதே முறையில்தான். அத்தை இதைக் கேட்டுவிட்டு, "அப்ப தப்பா ஆரம்பிச்சாலும் பரவாயில்லைன்னு காலேஜ்லயே சொல்லித் தராங்களா? எங்க காலத்துல தப்பா ஆரம்பிச்சா முட்டி போடச் சொன்னாங்க" என்றாள்.

வகுப்பைப் பற்றி நீ கேட்டிருந்தாய். எங்கள் பேராசிரியரைப் பசங்கள் தோராயம் சார் என்று அழைக்கிறார்கள். எதற்கும் "தோராயமா" என்று தொடங்குவார், வகுப்புக்கும் தோராயமாகத்தான் வருவார், ஆனால் நம் பதிலில் தசமப்புள்ளிக்கு அப்புறம் எங்கேயோ கடைக்கோடியில் ஒரு எண் பிசகினால் முகம் தொங்கிப்போய்விடும். கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் ஏசிக் காற்று ஒரே ஒரு வரிசையில்தான் விழுகிறது, அங்கே உட்காருகிறவர்கள் நடுங்குகிறார்கள், மற்றவர்கள் விசிறிக்கொள்கிறார்கள். என் கீபோர்டில் அடிக்கடி தட்டுகிற எழுத்துகள் தேய்ந்து காணாமல் போய்விட்டதால் ஞாபகத்தில் இருந்துதான் தட்ட வேண்டும். பக்கத்து இடத்தில் உட்காருகிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், எப்போதும் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டிருப்பாள், நான் அவளுக்கு வைத்த பெயரும் ஹெட்போன்தான். முதல் நாள் என்னை யாரோ கல்லூரி அலுவலர் என்று நினைத்து எழுந்து நின்றாள், மறுநாள் ஆன்ட்டி என்றாள், இப்போது அக்கா என்கிறாள். இப்படியே போனால் படிப்பு முடிவதற்குள் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டுவிடுவாள். படிப்பதைக் கையோடு வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று தோராயம் சார் சொன்னதால், பாதியாகப் பிரித்துத் தேடும் முறையை அப்பாவின் தேநீரில் பரீட்சித்தேன். சர்க்கரை போதவில்லை என்றால் ஒரு பக்கம், அதிகம் என்றால் மறுபக்கம், நடுவில் ஒரு அளவு, அதிலிருந்து மறுபடி நடு. நல்ல முறைதான், கொஞ்சத்தில் விடை கிடைத்துவிடும். ஆனால் அப்பா ஒவ்வொரு கோப்பைக்கும் "நல்லாருக்கும்மா" என்று ஒரே பதிலைச் சொன்னார். பொய் சொல்கிறவரை வைத்துக்கொண்டு எந்த முறையும் ஓடாது என்பது பாடப்புத்தகத்தில் இல்லை, நானே ஓரத்தில் எழுதி வைத்தேன்.

இப்போது உன் அறை விஷயத்துக்கு வருகிறேன், பரீட்சைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது, பக்கத்தைத் தாண்டாதே. போன மாதம் நீ போனில், "என் ரூமை எதுக்குப் பூட்டி வெச்சிருக்கீங்க, யாராவது யூஸ் பண்ணிக்கோங்க" என்று சொன்னாய் பார், அன்று போன் ஸ்பீக்கரில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். யாராவது என்றால் யார்? பெற்ற பெண்ணாக இருந்தாலும் இப்படிப் பொத்தாம்பொதுவாக ஒரு வாக்கியத்தை வீட்டுக்குள் வீசிவிட்டுப் போகலாமா? போனை வைத்த கையோடு நான் என் மடக்கு மேசையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், எனக்குப் பரீட்சை. அத்தை தையல் மெஷினை உருட்டிக்கொண்டு கிளம்பினாள், பள்ளிச் சீருடைகள் மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. அப்பா, டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தே போன இடுப்புக்கு நீ எழுதிக்கொடுத்தாயே, அந்த உடற்பயிற்சி சைக்கிள், துண்டு காயப்போடுவதற்கு மட்டும் பயன்படுகிற அந்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மூன்றும் உள்ளே போய்விட்டன. உன் கட்டிலையும் சேர்த்தால் நாலு. அப்பா மிதித்தால் சக்கரக் காற்றில் என் தாள்கள் பறக்கின்றன, தாளைப் பிடிக்கக் கை நீட்டினால் அத்தையின் துணி சுருள்கிறது, அத்தை துணியை இழுத்தால் அப்பாவின் கால் மாட்டுகிறது. கதவைத் திறக்க வேண்டுமென்றால் சைக்கிள் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும், ஹேண்டிலைத் திருப்ப நான் எழுந்திருக்க வேண்டும். அப்பாவுக்கே அக்கா அல்லவா, அத்தைதான் முதலில் வெடித்தாள். "ஒரு பட்டன் காஜா எடுக்க முடியுதா இந்த வீட்ல? இந்தா, நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்றாள். அப்பா, "எனக்கு மட்டும் ஆசையா? டாக்டர் பொண்ணு சொன்னாளேன்னு மிதிக்கறேன்" என்றார். நீ டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று நான் திருத்தினேன், அது அந்த நேரத்தில் உதவவில்லை. கோபத்தில் மூன்று பேரும் ஒரே மூச்சில் அவரவர் சாமானைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம்.

இப்போது அறை காலி, ஹால் நிறைந்துவிட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிந்ததும் மூன்று பேருக்கும் ஒரே யோசனை வந்திருக்கிறது, அறை சும்மாதானே கிடக்கிறது, மற்ற இரண்டு பேரும் வேண்டாம் என்று விட்டுவிட்டார்களே என்று. மறுபடி மூன்று பேரும் உள்ளே. உள்ளே போனதும் மூன்று பேருக்கும் ஒரே இரக்கம், ஐயோ பாவம், அவர்களுக்கு இடம் வேண்டுமே என்று. மறுபடி மூன்று பேரும் வெளியே. இந்தத் தடவை கோபம் இல்லை, மரியாதை. மரியாதையில் இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று அப்பா சொன்னார், கோபத்தில் தூக்கும்போது அவ்வளவு கனம் தெரியவில்லையாம்.

அதே வாரம் ஆய்வுக்கூடத்தில் என் புரோகிராமும் சண்டித்தனம் செய்தது. கணக்கு சின்னக் கணக்கு. மூன்று எண்கள் இருக்கின்றன, மூன்றும் என்னவென்று தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரே விதி, நாலில் இருந்து மற்ற இரண்டையும் கழித்து, மீதியைப் பாதியாக்கினால் அந்த எண் வர வேண்டும். விடை ஆளுக்கு ஒன்று, விரலை மடக்கிப் பார்த்தாலே தெரியும், நாலில் ஒன்றும் ஒன்றும் போனால் இரண்டு, அதில் பாதி ஒன்று. ஆனால் விடை தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கம்ப்யூட்டர் அதைத் தேடிப் பிடிக்கும்படி எழுத வேண்டும், நாளைக்கு மூன்றுக்குப் பதில் மூவாயிரம் எண்கள் வந்தால் விரல் போதாது. நானும் மூன்றையும் பூஜ்யத்தில் தொடங்கி ஓடவிட்டேன். திரையில் மூன்றும் இரண்டு என்று வந்தது. அடுத்து மூன்றும் பூஜ்யம். அடுத்து மூன்றும் இரண்டு. ரயில்வே கேட் விளக்கு மாதிரி இரண்டு பூஜ்யம் இரண்டு பூஜ்யம் என்று மாறி மாறி வருகிறதே தவிர, நடுவில் இருக்கிற அந்த ஒன்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஹெட்போன் ஒரு காதை மட்டும் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க புரோகிராம் ஊஞ்சல் ஆடுது, தள்ளிவிட்டது யாரு?" என்றாள். தோராயம் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "மூணு பேரையும் ஒரே நேரத்துல நகர்த்தறீங்கம்மா. ஒருத்தரை நகர்த்துங்க, அவர் எங்க போய் உக்காந்தார்னு பாருங்க, அதுக்கப்புறம் அடுத்தவரைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. புரியாமல் தலையாட்டுவதில் எனக்கு நீண்ட அனுபவம், பல் மருத்துவர் எக்ஸ்ரே காட்டி விளக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்கிறேன். சந்தேகத்தை மறுபடி போய்க் கேட்கவும் கூச்சம், பிள்ளைகள் நடுவில் அம்மா வயதில் ஒருத்தி கையைத் தூக்கினால் எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. போன தடவை நான் தோற்றதும் பாடம் கஷ்டம் என்பதால் அல்ல, இந்தக் கூச்சத்தால்தான் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், அப்பாவிடம் வினாத்தாள் கஷ்டம் என்றே இருக்கட்டும்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. புரோகிராம் இன்னும் ஊஞ்சலில்தான் இருந்தது. ஹாலில் மடக்கு மேசையைப் போட்டுத் திருத்தலாம் என்று பார்த்தால் ஒரு பக்கம் மெஷின் கடகடவென்று ஓடுகிறது, இன்னொரு பக்கம் அப்பா டிரைவிங் ஸ்கூல் மாணவர் ஒருவருக்குப் போனிலேயே ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், "ஸ்டியரிங்கை விடுங்க, விடுங்க, விடாதீங்க" என்று. மாணவருக்கு என்ன புரிந்ததோ, எனக்குப் பொறுமை போய்விட்டது. உன் அறைக்குப் போய்விடுவது என்று தாள்களைப் பொறுக்கி அடுக்கி, மேசையை மடக்கி எடுப்பதற்குள் ஹாலில் மற்ற இரண்டு பேரையும் காணோம். குறுகல் வழியில் திரும்பினால் எதிரே உன் அறை வாசலில் அத்தை மெஷினோடு. அவளுக்குப் பின்னால், பின் வராந்தா வழியாகச் சுற்றி வந்த அப்பா சைக்கிளோடு. மூன்று பேரும் நுழைய முயன்று மூன்று பேரும் மாட்டிக்கொண்டோம். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ படிக்கணுமேன்னுதானே நான் வெளியே போனேன்! நீ வராம காலியா போட்டா நான் என்ன நெனச்சுக்கறது? வேண்டாம்போல இருக்குன்னுதானே வந்தேன்!" என்றாள். "அண்ணி, நீங்க தைக்கணுமேன்னுதான் நானும் வெளியே போனேன்" என்றேன். அப்பா பின்னாலிருந்து சைக்கிள் சீட்டில் தாடையை வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் தியாகம் பண்ணீங்க, சரி. நானும்தான் பண்ணேன், என்னை யாராவது கண்டுக்கிட்டீங்களா?" என்றார். அந்த நேரத்தில், சுண்டு, மேசையின் கால் என் விலாவில் குத்திக்கொண்டிருக்கும்போது, எனக்குத் தோராயம் சார் சொன்னது புரிந்தது. காலியாக இருக்கிறதென்று மூன்று பேரும் ஒன்றாக நுழைகிறோம், இரண்டு இரண்டு இரண்டு. நெரிசல் என்று மூன்று பேரும் ஒன்றாக வெளியேறுகிறோம், பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம். மற்ற இரண்டு பேரும் இருந்த இடத்தைப் பார்த்து ஒவ்வொருவரும் நகர்கிறோம், ஆனால் நாம் நகரும்போதே அவர்களும் நகர்ந்துவிடுவதால் நாம் பார்த்தது பழைய செய்தியாகிவிடுகிறது. எங்களில் யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை, விதியிலும் தப்பு இல்லை, வரிசைதான் இல்லை. நான் மேசையை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்தேன். அது அத்தையின் பாதத்தில் விழுந்தது. மெதுவாகத்தான் விழுந்தது, ஆனால் அதைப் பற்றி இன்னும் பேச்சு ஓயவில்லை.

எல்லோரையும் பின்வாங்க வைத்து ஹாலில் உட்காரவைத்து விளக்கினேன். அறை இப்போது காலி. ஒருவர் முதலில் போகட்டும், தனக்கு வேண்டிய அளவு இடம் எடுத்துக்கொள்ளட்டும். அவர் உட்கார்ந்த பிறகு இரண்டாமவர் போய்ப் பார்க்கட்டும், மீதியைக் கணக்குப் பண்ணி உட்காரட்டும். பிறகு மூன்றாமவர். அதன்பின் முதலாமவர் மறுபடி பார்த்துக் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கட்டும். இப்படியே சுற்றி வந்தால் எல்லோருக்கும் சரியான இடம் அமைந்துவிடும் என்றேன். அப்பாவுக்குப் பட்டென்று புரிந்தது. "நாலு ரோடு சேர்ற இடத்துல இதேதான். நீ போன்னு அவன் கை காட்டுவான், நீ போன்னு நான் காட்டுவேன், ரெண்டு பேரும் நிப்போம், அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்பி முட்டிப்போம். அந்த இடத்துல மரியாதை பாக்காதேன்னு நான் எல்லார்கிட்டயும் கத்தறேன்" என்றார். அத்தை மட்டும், "யார் முதல்ல போறது?" என்று கேட்டாள். யார் முதலில் போனாலும் இந்தக் கணக்கில் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும் என்று நான் பாடத்தில் இருந்ததை நேர்மையாகச் சொன்னேன். "அப்படின்னா நானே முதல்ல போறேன், மூத்தவ" என்று எழுந்துவிட்டாள். படித்ததைச் சொன்னால் இப்படித்தான். எப்போதும்போல் சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். இத்தனை வருஷமாகக் குளியலறைக்கும், டிவிக்கும், கடைசி முறுகல் மீன் துண்டுக்கும் நான் சொன்ன சரிகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். பிறகு, "இல்ல அண்ணி, எனக்குப் பரீட்சை. முதல்ல நான் போறேன்" என்றேன். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதை முதல்லயே வாயைத் திறந்து சொல்லியிருந்தா என் கால் வீங்கியிருக்காது" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை, வானம் இடிந்து விழவில்லை.

நான் போய் ஜன்னலோரத்தை முழுசாகப் பிடித்தேன், வெட்கமில்லாமல் பெரிய இடம். அடுத்து அத்தை வந்து அதில் பாதி அளவு இடத்தில் மெஷினை நிறுத்தினாள். அப்பாவுக்கு அதிலும் பாதி, கதவுக்குப் பின்னால், சைக்கிள் மட்டும் உள்ளே, கால் வெளியே. அடுத்த சுற்றில் நான் அலமாரிப் பக்கத்தை விட்டுக் கொடுத்தேன், அப்பாவின் கால் உள்ளே வந்தது. அன்றைக்கு என் புரோகிராமையும் அதே மாதிரி மாற்றினேன், ஒரே ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருந்தது. முதல் சுற்றில் இரண்டு, ஒன்று, அரை. அடுத்த சுற்றில் ஒன்றேகால், ஒன்றே அரைக்கால், முக்காலே வீசம். பார்க்கப் பார்க்க மூன்றும் ஒன்றை நோக்கி நடந்து வந்தன, பள்ளிக்கூடம் விட்டு நீ வருகிற மாதிரி, நின்று நின்று, ஆனால் வீட்டை நோக்கி.

பரீட்சையன்று ஏசி விழும் வரிசையில் இடம் கிடைத்தது, கை விறைத்துப்போனது. தோராயம் சார் வேறு கணக்கு கொடுத்தார், இந்தத் தடவை ஐந்து எண்கள், ஒன்றுக்கொன்று வேறான விடைகள். எழுதி ஓடவிட்டேன், அழகாக அடங்கி வந்தது. வந்தது, ஆனால் நிற்கவில்லை. இனி ஒரு இம்மியும் மாறாது என்கிற நிலை வந்தால் நிறுத்து என்று எழுதியிருந்தேன். கடைசித் தசம இடத்தில் ஒரு எண் மட்டும் ஏறுவதும் இறங்குவதுமாகத் துடித்துக்கொண்டே இருந்தது, கம்ப்யூட்டரும் சலிக்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. கடிகாரமும் ஓடியது. ஹெட்போன் முடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். போகும்போது என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், தைரியம் சொன்னாளா பரிதாபப்பட்டாளா தெரியவில்லை. எனக்கு வியர்த்தது, அந்தக் குளிரிலும். போன தடவை இந்த இடத்தில்தான் எழுந்து வந்துவிட்டேன், யாரிடமும் ஒன்றும் கேட்காமல். இந்தத் தடவை கையைத் தூக்கினேன். எல்லாத் தலைகளும் திரும்பின, திரும்பிவிட்டு அவரவர் திரைக்கே போய்விட்டன. நான் ஒன்றும் அவ்வளவு சுவாரசியமானவள் இல்லை போலிருக்கிறது, இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. "சார், எவ்வளவு கிட்ட வந்தா போதும்னு கேள்வியில சொல்லலையே?" என்று கேட்டேன். "அதை நீங்கதான்மா முடிவு பண்ணணும். பண்ணிட்டு ஏன்னு எனக்குச் சொல்லணும்" என்றார். சரி என்று இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் மாற்றம் இவ்வளவுக்குக் கீழே போனால் போதும், நின்றுவிடு என்று ஒரு எல்லை வைத்தேன். உடனே நின்றுவிட்டது, இதற்காகத்தான் காத்திருந்தேன் என்பதுபோல.

வாய்மொழித் தேர்வில் அவர் அந்த எல்லையில்தான் பிடித்தார். ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்றார். பதற்றத்தில், "முக்காலே மூணு வீசம் வந்தாச்சு சார்" என்று சொல்லிவிட்டேன். "முக்காலே மூணு வீசம்னா பிழை ஒரு வீசம், பதினாறுல ஒரு பங்கு. அது ரொம்ப அதிகம், ஃபெயில்" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். நான் அவசரமாக, வீசம் எல்லாம் இல்லை சார், கோடியில் ஒரு பங்குக்கும் கீழே என்று எண்ணைக் காட்டினேன். கேள்வியில் கொடுத்த எண்களே அவ்வளவு துல்லியம் இல்லை, அதற்குமேல் நகர்த்தினால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்றேன். "யாருக்கும்னா யாருக்கு?" என்றார். "என் நாத்தனாருக்குக்கூட சார். அவங்க மெஷினை நூல் அளவு நகர்த்தினாலும் கண்டுபிடிச்சிடுவாங்க, அவங்களாலயே கண்டுபிடிக்க முடியாத தூரம் இது" என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. மூன்று பேரையும் ஒன்றாக நகர்த்தினால் ஏன் ஊஞ்சலாடுகிறது என்று கேட்டதற்கு உன் அறைக் கதை முழுவதையும் சொன்னேன், சைக்கிள், மெஷின், அத்தையின் பாதம் உட்பட. பின்னால் காத்துக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் கரும்பலகையில் சாய்ந்து சிரித்தார்கள். தோராயம் சார் சிரித்தாரா என்று கேட்காதே, உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது, சிரிப்புக்கு வெகு அருகில் என்று வைத்துக்கொள்ளலாம். "அடுத்த வருஷம் இதையே வகுப்புல சொல்லிக்கறேன், உங்க நாத்தனாருக்கு ஆட்சேபணை இல்லைன்னா" என்றார். அத்தையிடம் கேட்டேன், அவளுக்கு ஆட்சேபணை இருக்கிறது. கால் வீங்கியதையும் சேர்த்துச் சொன்னால்தான் சொல்லலாமாம்.

நேற்று மாலை முடிவு ஒட்டினார்கள். தேறிவிட்டேன், சுண்டு. தோராயமாக அல்ல, நன்றாகவே. அறிவிப்புப் பலகையின் கண்ணாடி முன்னால் நின்று என் எண்ணுக்கு நேரே இருந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன், ஹெட்போன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "கண்ணாடியை அழுக்காக்காதீங்க அக்கா" என்றாள். அத்தை முதலில், "ஃபர்ஸ்ட்டா வந்தே?" என்று கேட்டுவிட்டுப் பிறகு எனக்குப் பிடித்த மாதிரி மீனை முறுகலாக வறுத்துக் கொடுத்தாள், கடைசித் துண்டையும் என் தட்டிலேயே போட்டாள். அப்பா உன் அறையில் சைக்கிளை மிதித்தபடியே எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னார், மூச்சு வாங்கியதால் கேட்டவர்கள் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டார்கள்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. லீவு கிடைத்தால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ வந்து வாசலில் நின்றதும் என்ன நடக்கும் என்று எனக்கு இப்போதே தெரியும். நாங்கள் மூன்று பேரும் மேசை, மெஷின், சைக்கிள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, குழந்தை வந்துவிட்டாள் என்று ஒரே நேரத்தில் அறையை விட்டு ஓடுவோம். நீ அதைப் பார்த்துவிட்டு, ஐயோ வேண்டாம், நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்று பெட்டியோடு ஹாலுக்கு ஓடுவாய். அறை காலியாகக் கிடக்கும், நாலு பேரும் ஹாலில் இடித்துக்கொண்டு ஒருவரையொருவர் கெஞ்சிக்கொண்டிருப்போம். நீ என் வயிற்றில் பிறந்தவள், சரி என்று சொல்லவும், போதும் என்று சொல்லவும், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லவும் என்னிடம்தான் கற்றாய். நான் அதைக் கொஞ்சம் திருத்திக்கொண்டிருக்கிறேன், நீயும் திருத்திக்கொள். உன் கட்டிலை யாரும் நகர்த்தவில்லை, அதை மட்டும் கணக்கில் சேர்க்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். வந்ததும் யாரிடமும் எதுவும் கேட்காதே, நேரே உள்ளே போ, காலை நீட்டிப் படு, எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவும் எடுத்துக்கொள். நீ படுத்த பிறகு, அதைப் பார்த்து, ஒவ்வொருவராக நாங்கள் நகர்ந்துகொள்கிறோம். ஆனால் ஜன்னலோரம் என் மேசை இருக்கும், அதை நான் எடுக்க மாட்டேன். அதைச் சுற்றி நீ காலை வைத்துக்கொள்.

எல்லா நலமும் வளமும் பெற்று, மனசுக்குப் பிடித்த வேலையும் வயிற்றுக்குப் பிடித்த சாப்பாடும் குறையாமல் நீ நீண்ட காலம் வாழ வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் வாழ்த்துகிறோம், வரிசைப்படி, முதலில் நான். மறக்காமல் அப்பாவின் இடுப்புக்குப் புதுப் பயிற்சி எழுதி அனுப்பு, எதையும் தூக்காமல் செய்கிற மாதிரி.

உன் வரவை எதிர்பார்த்து, ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும்
அம்மா